பிளக்ஸில் நாற்பதாயிரம்

ஸ்ரீவில்லிபுத்தூர் கல்யாண மண்டப வாசலில் யோகேஸ்வரி ஆறடி உயரத்துக்குச் சிரித்துக்கொண்டு நின்றாள். கறுப்பு அங்கி, தலையில் தொப்பி. காலடியில் சிவப்பு எழுத்து: ‘பி.ஏ. எகனாமிக்ஸ். மாதச் சம்பளம் ரூ.40,000.’ பஸ்ஸை விட்டு இறங்கி வந்த அசல் யோகேஸ்வரி அந்த பிளக்ஸை இரண்டு தடவை படித்துவிட்டு உள்ளே போனாள்.

அவள் வாங்குவது பதினோராயிரத்து ஐந்நூறு. ராஜபாளையத்தில் ஒரு நூல் மில் ஆபீசில், வருகிற போகிற லாரிக்கெல்லாம் சீட்டுப் போடுகிற வேலை. அதே மில்லில் எட்டாவதோடு நின்ற குருவம்மாள் மெஷின் ஓட்டி, ஓவர்டைமும் பார்த்துப் பதினாலாயிரம் வாங்குகிறாள். அந்த பிளக்ஸை வைத்த தனியார் கல்லூரியில் படிக்க எடுத்த நாலு லட்சம் கடன், வட்டியோடு ஐந்தை நெருங்கிவிட்டது. மாதம் ஆறாயிரத்து அறுநூறு டியூ. இரண்டு டியூ நிற்கிறது. மூன்றாவதும் நின்றால், கூடக் கையெழுத்துப் போட்ட பாவத்துக்கு அவள் அப்பாவுக்கு நோட்டீஸ் போகும். அதனால்தான் துறைத்தலைவர் ஹரிகிருஷ்ணன் போன் பண்ணி, “அட்மிஷன் கேம்ப்புல ஒரு நாள் வந்து உக்காரும்மா, மூவாயிரம் தாரோம்” என்றதும் மறு பேச்சில்லாமல் வந்தாள்.

“சார், இந்தச் சம்பளத்த யாரு எழுதுனது?”

ஹரிகிருஷ்ணன் அலட்டிக்கொள்ளவில்லை. ஃபைலிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார். “உன் கையெழுத்துதானம்மா?”

அவளுடையதேதான். பட்டமளிப்பு விழா அன்று வரிசையில் நிற்கும்போது, வேலை என்ன, சம்பளம் என்ன என்று கேட்டுக் கல்லூரி கொடுத்த படிவம். முன்னால் நின்றவள் முப்பத்தைந்தாயிரம் என்று எழுதினாள். அதைப் பார்த்த பிறகு பதினொன்று என்று எழுத யோகேஸ்வரிக்குக் கை கூசியது. நாற்பது என்று போட்டாள். முன்னால் நின்றவளும் அப்படித்தான் போட்டிருப்பாள் என்பது இப்போதுதான் உறைத்தது.

செலவு எவ்வளவு, பலன் எவ்வளவு என்று மூன்று வருஷம் போர்டில் கோடு கோடாக இழுத்துக் காட்டிய மனுஷன் இவர். தன் கல்லூரி ஃபீசை மட்டும் ஒரு நாளும் அந்தக் கோட்டில் வைத்துப் பார்த்ததில்லை. அவர் முகத்தைப் பார்க்க அருவருப்பாக இருந்தது. தன் கையைப் பார்க்க அதைவிட அருவருப்பாக இருந்தது.

அவர் அடுத்த மேஜைக்கு நகர்ந்ததும், மம்சாபுரத்திலிருந்து வந்த கொத்தனார் பால்ச்சாமி எதிரே உட்கார்ந்தார். பக்கத்தில் மகள் சிவரஞ்சனி, மடியில் லோன் ஃபாரம்.

“வாசல்ல நிக்கது நீதானே தாயி? இவளும் உன்னய மாதிரி வரணும். நாலு லட்சம் லோன் போடப் போறோம்.”

யோகேஸ்வரி கல்லூரி நோட்டீசைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுதிக் காட்டினாள். “எனக்குப் பதினொண்ணரைதான் ஐயா. டியூ போக மிச்சம் நாலாயிரத்துத் தொள்ளாயிரம். இதே படிப்பு கவர்மெண்ட் காலேஜ்லயும் இருக்கு, சில ஆயிரத்துல முடிஞ்சிரும். அங்க சேருங்க.” போனில் சம்பளம் ஏறிய மெசேஜையும் காட்டினாள்.

பால்ச்சாமி போனைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். முகம் கறுத்தது.

“போட்டோ உன்னோடதுதானே?”

“ஆமா.”

“சம்பளத்த எழுதுனது?”

“நாந்தான். வெக்கப்பட்டுக்கிட்டு எழுதிட்டேன்.”

“ஊரு பூரா தெரிய எழுதுனது பொய்யி, எங்காதுல சொல்லுதது நெசமாக்கும். நீ ஏறி உக்காந்துட்ட. கொத்தனார் மக பக்கத்துல வந்து உக்காந்துரக் கூடாது, அம்புட்டுத்தானே?”

அவர் எழுந்துகொண்டார். சிவரஞ்சனி மட்டும் ஒரு நிமிஷம் நின்றாள். “அப்ப போட்டோல ஏன்க்கா அப்பிடிச் சிரிச்சீக?”

“பட்டம் வாங்குன அன்னைக்கு எடுத்தது. அப்ப டியூ ஆரம்பிக்கல.”

“வாடி” என்று அப்பா கூப்பிட்டார். கல்லூரிக்காரர்கள் கடன் எழுத ஓர் ஆளை மூலையில் உட்கார வைத்திருந்தார்கள். அப்பா முதலில் கையெழுத்துப் போட்டார். மகள் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுப் போட்டாள்.

கேம்ப் முடிந்ததும் ஹரிகிருஷ்ணன் கவரைக் கொண்டுவந்தார். “மம்சாபுரத்து ஆளு சேந்துட்டாரும்மா. பேப்பர்லல்லாம் எழுதிக் காட்டி நல்லாப் பேசுன போல. அந்த அட்மிஷனுக்குத் தனியா ரெண்டாயிரம் வச்சிருக்கேன்.”

மூஞ்சியில் விட்டெறியத்தான் நினைத்தாள். அப்பாவுக்குப் போகப்போகிற நோட்டீஸ் ஞாபகம் வந்தது. “சரி சார்” என்று வாங்கிக்கொண்டாள்.

வெளியே வரும்போது பிளக்ஸை நிமிர்ந்து பார்க்கவில்லை. கவரில் ஐயாயிரம், பர்ஸில் இருந்தது ஆயிரத்து அறுநூறு. எதிரே இருந்த பேங்க்கில் பணம் கட்டும் மெஷினில் ஒவ்வொரு நோட்டாக வைத்தாள். யோகேஸ்வரியின் ஒரு டியூ கட்டியாகிவிட்டது; அதில் ரெண்டாயிரம், சிவரஞ்சனி இன்னும் கண்ணால் பார்க்காத கடனிலிருந்து வந்தது.