திறப்பு பேச்சி கையில

ஊட்டி பெர்ன்ஹில்லில் வெற்றிச்செல்வன் குடியிருந்த வாடகை வீட்டில் சாமி படம் கிடையாது. அந்த இடத்தில் சட்டம் போட்ட பேட்டண்ட் சான்றிதழ் ஒன்று தொங்கியது. அதற்கு விளக்கேற்றாததுதான் பாக்கி.

அவன் கண்டுபிடித்தது இதுதான்: போனில் போகும் ஒவ்வொரு செய்திக்கும் ஒரு பூட்டு உண்டல்லவா? அதற்கு ஒரு மாற்றுச்சாவி செய்து, இரண்டாக உடைத்து, ஒரு பாதியைக் கம்பெனியிடமும் மறு பாதியை அரசாங்கத்திடமும் கொடுத்துவைப்பது. உத்தரவு வந்தால் பாதிகள் சேரும், பூட்டு திறக்கும். "தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம்?" என்று கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

அன்று ஊட்டி விருந்தினர் மாளிகையில் போலீஸ் அதிகாரி தினகரன் முன்னால் செய்முறை விளக்கம். அவர் தலையசைத்தால் எட்டு வருட உழைப்பு கரையேறும்.

"எங்கம்மா அனுப்பினதையே திறந்து பாருங்க சார். அவங்க போன்லயும் நம்ம ஆப்தான் போட்டிருக்கேன். இப்பத்தான் வந்துச்சு, நானே இன்னும் பாக்கல" என்றான் பெருந்தன்மையாக. அம்மா அன்னக்கிளி என்ன அனுப்பிவிடப் போகிறாள்? ஒன்று ரோஜாப்பூ, இல்லாவிட்டால் வசவு.

பாதிகள் சேர்ந்தன. திரையில் எழுத்து விழுந்தது:

'எருமை, திறப்பு பேச்சி கையில. தண்ணி விட்டதும் அவ வேலைய முடிச்சிருவா. யாரு கேட்டாலும் எனக்குக் காய்ச்சல்னு சொல்லு.'

தினகரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார்.

"ஏனுங்க தம்பி, அம்மா எந்த ஊர்ல இருக்காங்க?"

"கிளென்மார்கன்ங்க."

"அணை இருக்கற ஊரு."

"ஆமாங்க... அதுக்கில்லீங்க..."

"திறப்பு, தண்ணி, வேலைய முடிக்கறது. எருமைங்கறது யாரோட சங்கேதப் பேருங்க?"

"எருமை நான்தான் சார்."

அவருக்குக் கோபமே வரவில்லை. முகம் மலர்ந்துவிட்டது. "மொத நாளே புடிச்சுருச்சு பாருங்க உங்க மெஷினு! இன்னிக்கே ஆர்டர் போட்டரலாமுங்க" என்றவர், வாசல் பக்கம் திரும்பி, "ஜீப்ப எடுக்கச் சொல்லுப்பா" என்றார்.

ஆர்டர் என்ற அந்தச் சொல்லுக்காகத்தான் வெற்றி இத்தனை காலம் காத்துக் கிடந்தான். இப்போது வாயை மூடிக்கொண்டிருந்தால் மெஷின் ஜெயிக்கும், அம்மா ஜீப்பில் ஏறுவாள். வாயைத் திறந்தாலோ, நாக்கிலிருந்து அவன் என்றைக்கோ சுரண்டி எறிந்த சொல்லைத் திரும்ப எடுத்து ஒட்டவைக்க வேண்டும். சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, இங்கேயும் தோட்டத்து வரிசை வீடான லயத்திலேயே குடியேறிய குடும்பம் அவனுடையது. சின்ன வயதில், "தொறப்பக் காணோம் டீச்சர்" என்று அழுதபோது, "எந்தக் கடை திறப்பு விழாடா?" என்று வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து சாவிதான்.

"சார், திறப்புன்னா சாவிங்க. எங்க லயத்துல அப்படித்தான் சொல்லுவோம்."

"பேட்டண்ட்ல அப்படிப் போடலீங்களே?"

"வெக்கமா இருந்துச்சுங்க."

தினகரன் நம்பவில்லை. அன்னக்கிளியைப் போனில் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார். போலீஸ் என்று சொல்லிவிட்டு, பேச்சி யார் என்று கேட்டார்.

"பக்கத்து லயத்துப் பொம்பளைங்க தொரை. குழாயில தண்ணி விட்டா, வீட்டத் தொறந்து என் டிரம்ம ரொப்பி வைப்பா. நான் காய்ச்சல்னு லீவு சொல்லிட்டு, இந்த எருமைக்குப் பொண்ணு பாக்க இத்தலார் வந்திருக்கேன். பொண்ணு வீட்டுக்காரங்க எதுக்கத்தான் உக்காந்திருக்காங்க. ஏந் தொரை, இதெல்லாம் உங்களுக்கு யாரு சொன்னா?"



"நான்தாம்மா" என்றான் வெற்றி.

தினகரன் எழுந்துகொண்டார். "மெஷினு நல்லாத்தான் திறக்குதுங்க தம்பி. உள்ள இருக்கறது என்னன்னுதான் அதுக்கும் தெரியல, எனக்கும் தெரியல." ஆர்டர் போயிற்று. போலீஸ் போன் வருகிற குடும்பம் என்று இத்தலார்க்காரர்கள் காபியோடு வழியனுப்பி வைத்ததில் பெண்ணும் போயிற்று.

அம்மா போனிலிருந்து அந்த ஆப்பைத் தன் கையாலேயே எடுத்தெறிந்துவிட்டு, இனி யாரும் பார்க்க மாட்டார்கள் என்று அவளிடம் சத்தியம் செய்தான். "சரிப்பா" என்றாள். மறுநாள் செய்தி வந்தது:

'அய்யாமார் எல்லாருக்கும் வணக்கம். வெற்றிச்செல்வன் அவர்களுக்கு அம்மா எழுதுவது. திறப்பு, அதாவது சாவி, பேச்சியிடம் உள்ளது. தண்ணீர் என்பது குழாய்த் தண்ணீர்.'

தினமும் இதே மரியாதை. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தவன் எழுதினான்: 'அம்மா, எருமைன்னு கூப்பிடும்மா.'

உடனே பதில் வந்தது: 'அப்படியெல்லாம் பேசக்கூடாதுங்க. ஆளுங்க இருக்காங்க.'