பெற்றோர் அனுமதி மறுப்பு

அச்சகத்தில் அவளை எல்லாரும் பூட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். பதினேழு வயதுக்குட்பட்ட பெண்கள் கால்பந்து அணியில் நாட்டுக்காகக் கோல் காத்தபோது ஒட்டிக்கொண்ட பெயர். தகுதிச்சுற்றின் ஐந்து ஆட்டங்களில் ஒரே ஒரு கோல்தான் அவளைத் தாண்டிப் போனது, அதுவும் பெனால்டி. இப்போது வயது இருபத்தைந்து. கணினி முன்னால் உட்கார்ந்து, அடுத்தவர்கள் எழுதியதைப் பக்கம் பக்கமாக அடுக்குவது வேலை.

அன்று காலை கால்பந்துச் சம்மேளனத்தின் பொன்விழா மலர் அவள் மேசைக்கு வந்தது. ஆண்கள் அணிக்கு நாற்பது பக்கம், வண்ணத்தில். இளையோர் பெண்கள் அணிக்கு ஒன்றரைப் பக்கம். அந்த அரையிலும் பாதி விளம்பரம். போட்டி வரலாறு என்று ஓர் அட்டவணை. அவளுடைய ஆண்டுக்கு நேரே இப்படி இருந்தது: ‘தகுதிச்சுற்று: நான்கு வெற்றி, ஒரு தோல்வி. இறுதிச் சுற்று: விலகியது. காரணம்: பெற்றோர் அனுமதி மறுப்பு.’

அந்தக் காரணத்தை ஒன்பது வருடமாக நம்பியவள் அவள். விமானம் ஏற நான்கு நாள் இருக்கும்போது மைதானத்தில் வைத்துச் சொன்னார்கள். எந்த வீட்டில் மறுத்தார்கள் என்று சொல்லவில்லை. சொல்லாததால் பதினெட்டுப் பேரும் ஆளுக்கொரு வீட்டைச் சந்தேகித்தார்கள். பூட்டு சந்தேகித்தது கொக்கின் வீட்டை. கொக்கு தடுப்பாட்டக்காரி, கால் நீளம், இவளுக்கு உயிர்த்தோழி. அவள் அப்பா தையல்காரர். மகள் அரைக்கால் சட்டையோடு ஓடுவதைப் பார்க்க ஒருநாளும் மைதானத்துக்கு வராதவர். வேறு யாராக இருக்கும்? அன்றோடு பேச்சு நின்றது. போன வருடம் அந்த மனிதர் இறந்தபோதுகூட இவள் எட்டிப் பார்க்கவில்லை.

பழைய படங்களைத் தேடி எடுக்கச் சோம்பல்பட்டு, சம்மேளனம் அந்த வருடத்து ஃபைலையே தூக்கி அனுப்பியிருந்தது. படம் தேடிப் புரட்டியவளின் கை நடுவில் நின்றது. ‘பெண்கள் அணி பதிவுப் படிவம்’ என்று தலைப்பு. கீழே பதினெட்டும் பையன்களின் பெயர்கள். போட்டோக்களில் இரண்டு பேருக்கு மீசை வேறு அரும்பியிருந்தது. பையன்களின் பட்டியலையே இரண்டு படிவத்திலும் ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள், புண்ணியவான்கள்! ‘ஏழு நாளுக்குள் திருத்தி அனுப்பவும்’ என்று போட்டி நடத்தியவர்கள் எழுதிய கடிதம் அடுத்து இருந்தது. சம்மேளனம் அதைப் பிரித்த தேதி முத்திரை, கடிதம் வந்த பன்னிரண்டாம் நாளைக் காட்டியது. அதற்கடுத்து சம்மேளனத்தின் பதில்: பெற்றோர் அனுமதி மறுத்ததால் அணி விலகுகிறது. பெற்றோர்கள் எழுதிக் கொடுத்த சம்மதக் கடிதங்கள் மட்டும் ஃபைலில் இல்லை.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

மதியம் புரூஃபில் கையெழுத்துப் போட சம்மேளனச் செயலாளரே வந்தார். அன்றைக்கும் செயலாளர் அவர்தான். முதலாளி ஓடிப்போய் நாற்காலி போட்டார். பூட்டு படிவத்தை அவர் முன்னால் வைத்தாள்.

“சார், அட்டவணையில ஒரு வரி தப்பு. திருத்திக் கொடுங்க.”

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். “இது எப்படி இங்க வந்துச்சு?”

“நீங்கதான் அனுப்பினீங்க.”

“பழைய கதைம்மா. கிளார்க் பண்ணின தப்பு. அதைப் போய் பொன்விழா மலர்ல போடுவாங்களா? அசிங்கம்.”

“எங்க அப்பா அம்மா தலையில போட்டா அசிங்கம் இல்லையா?”

“ஏம்மா, கஸ்டமர் குடுத்ததை அடிக்கிறதுதானே நம்ம வேலை?” என்று முதலாளி நடுவில் புகுந்தார்.

செயலாளர் சிரித்தார். “பதினெட்டு வீட்டுல ஒரு வீட்டுலயாவது வேண்டாம்னு சொல்லாமலா இருந்திருப்பாங்க? பொம்பளப் புள்ளைங்க விஷயம். நாங்க எழுதினது ஒண்ணும் முழுப் பொய் இல்ல.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது போதாதென்று, சோறு போட்டவர்களையே திருடர்களாக்குகிறார் மனிதர். பூட்டு போனை எடுத்தாள். ஒன்பது வருடமாக அழைக்காமலும் அழிக்காமலும் வைத்திருந்த எண்ணை அழுத்தி, எல்லாருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தாள்.

“நான் பூட்டு பேசறேன். போனை வெச்சிடாதடி. அன்னிக்கு உங்கப்பா சம்மதக் கடிதத்துல கையெழுத்துப் போட்டாரா?”

மறுமுனையில் கொக்கின் குரல் வெடித்தது.

“போட்டாராவா? மொத ஆளா கொண்டுபோய்க் குடுத்தாருடி! குளிர் ஊருன்னு உனக்கும் எனக்கும் ஒரே துணியில கோட்டு தெச்சு வெச்சிருந்தார். உன்னோடது இன்னும் பீரோவுல கெடக்கு. உங்கப்பாதான் மாட்டேன்னுட்டார்னு நான் இத்தனை வருஷமா...”

“எங்கப்பாவும் போட்டார்டி.”

கொக்கின் அப்பாவுடைய முகத்தைக் கடைசியாகப் பார்க்காமல் விட்டது அவளுக்கு வெட்கமாக இருந்தது. அழக்கூடாது, இந்த ஆளுக்கு முன்னால் செத்தாலும் அழக்கூடாது என்று பல்லைக் கடித்தாள்.

செயலாளர் பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு எழுந்தார். பூட்டு போய்க் கதவை மறித்து நின்றாள்.

“ரெண்டு வீடு ஆச்சு. இன்னும் பதினாறு இருக்கு சார். உக்காருங்க.”