மீன் அமிலமும் பெண் பார்க்கும் படலமும்

1
உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். லப்பைக்குடிக்காட்டுக்கு நான் போனது இயற்கைத் தோட்டம் பற்றிக் கட்டுரை எழுதத்தான். 'மண் என்பது உயிருள்ள ஒரு...' (அடித்துவிட்டேன். எனக்கே கொட்டாவி வந்தது.) அப்போதுதான் அந்த ஊர்ப் பெண் ஆஃப்ராவின் வீட்டில் நடந்ததைக் கேள்விப்பட்டேன். கட்டுரை கதையாகிவிட்டது.

2
ஆஃப்ரா கொல்லையில் ரசாயனம் தொடாமல் அவரைப் பந்தல் போட்டிருந்தாள். செடிக்குத் தெளிப்பதற்காக மீன் கழிவையும் வெல்லத்தையும் ஒரு டிரம்மில் ஊறவைத்திருந்தாள். மீன் அமிலம் என்பது அதுதான். (அதன் வாடைக்கு நல்ல உவமைகள் வைத்திருந்தேன். நீங்கள் சாப்பிட்டுக்கொண்டே வாசிக்கக்கூடும் என்று நீக்கிவிட்டேன்.)

மாப்பிள்ளை வீட்டார் வருகிற நாள். வாடைக்குப் பயந்த அம்மா நஜீமா, மகளுக்குத் தெரியாமல் டிரம் மூடியை இறுக்கிவிட்டாள். உள்ளே நுரைத்துப் பொங்குவது சும்மா இருக்குமா? விருந்தாளிகள் பாயசத்தை வாயில் வைத்த நேரம், கொல்லையில் 'டமார்!'

3
"யா அல்லாஹ், என்னது இது?"

மாப்பிள்ளையின் அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கொல்லைக்கே வந்துவிட்டார். பந்தலில் அவரைக்கொடி இலை ஒன்றில் கறுப்பாக ஏதோ ஊர்ந்தது. நசுக்கக் கை நீட்டினார்.

"நசுக்காதீங்க மாமி! பொறிவண்டோட குஞ்சு அது. செடிச் சாற உறிஞ்சற அசுவினிப் பூச்சியத் தின்னுது. அது இருக்கறதாலதான் நான் மருந்தே அடிக்கல."

மாமி குனிந்து பார்த்தார். பிறகு மெதுவாக, "எங்க வூட்டுக் கொல்லை பூரா சிமெண்ட் போட்டாச்சும்மா. இதெல்லாம் அங்க எங்க வெப்ப?" என்றார்.

மாப்பிள்ளையை ஆஃப்ராவுக்குப் பிடித்திருந்தது. பந்தலையும் பிடித்திருந்தது. (இந்த இடத்தில் அவளுக்கு வீர வசனம் ஒன்று எழுதிக் கொடுத்தேன். "இப்புடி யாருங்க பேசுவா?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.)

"சிமெண்ட ஒரு ஓரமா ஒடைச்சுக் குடுத்தாக்கூட போதும் மாமி."

மாமி போகும்போது ஒரு பை அவரைக்காய் மட்டும் மறக்காமல் கேட்டு வாங்கிக்கொண்டார்.

4
முதலில் எழுதிய முடிவில் மாமி சிமெண்டை உடைக்கக் கடப்பாரையோடு நின்றார். (நானே நம்பவில்லை.) அடுத்ததில் ஆஃப்ரா சம்பந்தத்தையே உதறிவிட்டு... (அவளைக் கேட்காமல் நான் யார் உதற?)

நடந்தது இதுதான். மறுநாள் மாமி போன் செய்தார்.

"புள்ளைய எங்களுக்குப் புடிச்சிருக்கு. தோட்டத்த அப்பறம் பாத்துக்கலாம்."

நஜீமா போனைக் கையால் பொத்திக்கொண்டு, "சரின்னு சொல்லிடவாடி?" என்றாள்.

"அந்த 'அப்பறம்' எப்பம்மா?"

நஜீமாவுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. மாமி லைனில் காத்திருக்கிறார். நான் எழுதுகிறவன், பேச வராது. இந்தாருங்கள் போன், நீங்களே கேளுங்கள்.