கிகுயோவின் வலது கண்

கடலோர ஊரான கராட்சுவின் மீன்சந்தையில் ஏலம் விடும் ஹமாசாகி கிகுயோவின் வலது கண்ணைப் பல வருடங்களாக நான்தான் படம் எடுத்து வருகிறேன். எங்கள் ஊர்க் கண் மருத்துவமனையில் எனக்கு அதுதான் வேலை. தாடையை வைத்து உட்கார்ந்தால் போதும், கண்ணின் முன்னால் கண்ணாடிபோல் மூடியிருக்கும் கருவிழியின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் செல்களைக் கருவி பெரிதாக்கிக் காட்டிவிடும்.

முதன்முதலில் அவரை அழைத்து வந்தபோது தாடையை வைக்கும் நிலையில்கூட அவர் இல்லை. முந்தின நாள் மாலையிலிருந்து மண்டை பிளக்கிற வலி, வாந்தி. விளக்கைச் சுற்றி வானவில் தெரிகிறது என்று வேறு சொல்லியிருக்கிறார். கணவர் தோகுஜி, தான் வாங்கி வந்த சிப்பிதான் கெட்டுப்போயிருந்தது என்று நினைத்து வயிற்றுக்கு மருந்து கொடுத்திருக்கிறார். முகாய் டாக்டர் இமைமேல் விரலை வைத்து அழுத்திப் பார்த்தார். கண் கல்லாக இருந்தது. கிளாக்கோமா. கண்ணுக்குள் ஊறும் நீர் வெளியேற வழியில்லாமல் அழுத்தம் ஏறிவிட்டது.

டாக்டர் மருந்தால் அழுத்தத்தை இறக்கி, லேசரால் துளையிட்டு நீருக்கு வழி செய்தார். கண் தெளிந்ததும் நான் படம் எடுத்தேன். தேனடை அறைகளைப் போல நெருக்கமாக, ஆறு பக்கங்களோடு இருக்க வேண்டிய செல்களில் பாதிக்குமேல் செத்துப் போயிருந்தன.

கிகுயோ திரையை உற்றுப் பார்த்தார். "இதுங்களுக்கு என்ன வேலை, டாக்டர்?"

"தண்ணி எறைக்கறது. கருவிழிக்குள்ள கசியற தண்ணிய ஓயாம வெளிய தள்ளிக்கிட்டே இருக்கும். அதனாலதான் அது கண்ணாடி மாதிரி இருக்கு."

"செத்தது திரும்ப மொளைக்குமா?"

"மொளைக்காது. உசுரோட இருக்கறது உடம்ப நீட்டி, செத்ததோட எடத்தையும் சேத்துப் பாத்துக்கும்."

"ஆள் கொறைஞ்ச படகு மாதிரின்னு சொல்லுங்க" என்றார் கிகுயோ.

அப்படியேதான். ஒவ்வொரு செல்லும் தன் அளவைவிட இருமடங்கு விரிந்து, பக்கத்துச் செல்லோடு கைகோத்து நின்றது. இந்த வேலையில் நான் எத்தனையோ படங்கள் பார்த்திருக்கிறேன். ஆனாலும் அந்த உழைப்பைப் பார்க்கும்போது இன்றும் மலைப்புதான். மிச்சமிருந்த அந்தச் செல்கள் ஆறு வருடம் தாக்குப்பிடித்தன. ஆறு வருடமும் கிகுயோ ஏலம் விட்டார்.

பிறகு கண்ணில் பனி மூட ஆரம்பித்தது. தூங்கும்போது கண் மூடியிருப்பதால் கருவிழியின் ஈரம் காயாது. இறைக்கும் செல்களும் தளர்ந்துபோனால், எழுந்ததும் கருவிழி ஊறி மங்கலாக இருக்கும். நேரம் போகப் போகத் தெளியும். மற்றவர்களுக்கு அது சமாளிக்கக்கூடிய தொல்லை. கிகுயோவுக்கோ ஏலமே விடியும் முன்புதான். இடது கண்ணை நம்பலாமென்றால் அது சின்ன வயதிலிருந்தே மந்தம்.

டாக்டர் சொன்னபடி, படுக்கையைவிட்டு எழுந்ததும் முடி உலர்த்தும் கருவியைக் கையெட்டும் தூரத்தில் பிடித்து, சூடில்லாத காற்றைக் கண்ணில் விடுவார்.

"ஊரே கணவாயக் காய வைக்குது. நீ கண்ணையே காய வைக்கிறியா?" என்பார் தோகுஜி.

"காஞ்சதும் சுட்டுச் சாப்பிடுங்க!"

கொஞ்ச காலம் அதில் ஓடியது. ஒரு நாள் கானாங்கெளுத்தி ஏலத்தில், வியாபாரிகள் விலைக்காகக் காட்டும் விரல்கள் புகையாகத் தெரிந்தன. ஓகுபோ என்ற வியாபாரி மூன்று விரல் காட்டியிருந்தார். கிகுயோ இரண்டென்று எண்ணி, பெட்டியை வேறொருவருக்கு முடித்துவிட்டார்.

"அக்கா, எனக்குக் கை இருக்கா இல்லையா?" என்று கத்தினார் ஓகுபோ.

கிகுயோ ஏலத்தை நிறுத்தினார். வெளிச்சம் சரியில்லை என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அவர் பெட்டிமேல் ஏறி நின்றார். "தப்பு என்னோடது. என் கண்ணுல பனி. இந்தப் பெட்டிய மறுபடியும் விடறேன். நாளைலேருந்து வேற ஆள் விடுவாங்க. கண்ணு சரியானா வருவேன்."

ஓகுபோதான் முணுமுணுத்தார்: "சரியாகாம எங்க போயிடும்?"

கிகுயோ அன்றே மருத்துவமனைக்கு வந்துவிட்டார். முகாய் டாக்டர் எதையும் மறைக்கவில்லை. இறந்தவர் தானமளித்த கருவிழியிலிருந்து செல் படிந்த மெல்லிய உட்படலத்தை எடுத்து வைக்கலாம். ஆனால் கிளாக்கோமா வந்த கண்ணில் புதுச் செல்களும் சீக்கிரம் தேயக்கூடும். புதுப் படலத்தை உடம்பு ஒதுக்காமலிருக்கப் போடும் சொட்டு மருந்தே அழுத்தத்தை ஏற்றலாம். முன்பே நரம்பு பட்டுப்போனதால் இழந்த பக்கப் பார்வையும் திரும்பாது.

"எத்தன வருஷம் தாங்கும்?"

"சத்தியமாத் தெரியாது, கிகுயோ சான்."

"கடலுக்குப் போறவன்கிட்ட நான் அதைக் கேட்டதில்ல. உங்ககிட்ட மட்டும் ஏன் கேக்கணும்? வைங்க."

படலத்தை உள்ளே வைத்து, அது ஒட்டிக்கொள்ளக் காற்றுக்குமிழ் விட்டார்கள். குமிழ் மேலெழும்பித் தாங்கிப் பிடிக்க வேண்டும் என்பதால் கிகுயோ கூரையைப் பார்த்தபடியே கிடந்தார். அசைந்தால் போச்சு. அப்படியும் ஓரத்தில் கழன்றுவிட்டது. மறுபடி காற்று, மறுபடி கூரை. செவிலியர் வந்தால், "கூரைய ஏலம் விடறேன், யாருக்கு வேணும்?" என்பாராம். தோகுஜி உறிஞ்சுகுழலை வாயருகில் பிடித்துக் கஞ்சி கொடுத்தார். வாழ்நாளில் முதல்முறையாகத் தன் மனைவி இத்தனை நாள் படுத்தே கிடப்பதைப் பார்ப்பதாக என்னிடம் சொல்லி, சிரிக்கப் பார்த்துக் கண் கலங்கினார்.

இந்த முறை ஒட்டிக்கொண்டது. வாரங்கள் கழித்து நான் படம் எடுத்தேன். நெருக்கமான, ஒழுங்கான ஆறுபக்கச் செல்கள். முன்பின் தெரியாத ஒரு கண்ணுக்குள் வந்து, வந்த இடத்திலேயே தண்ணீர் இறைக்க ஆரம்பித்திருந்தன. கிகுயோ திரையின் முன் எழுந்து நின்று, இடுப்பு வளைய வணங்கினார். எங்களை அல்ல, அந்தச் செல்களை. டாக்டரும் நானும் நகர்ந்து வழிவிட்டோம்.

மாரிக்காலம் முடிந்து அவர் சந்தைக்குத் திரும்பிய நாளில் நானும் போனேன். பெட்டிமேல் ஏறியதும் முதலில் சொன்னார்: "இடப்பக்கம் ஓரமா நின்னா எனக்குத் தெரியாது. வெல வேணும்னா நடுவுல வாங்க."

கூட்டம் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு நடுவுக்கு வந்தது. ஓகுபோ மட்டும் இடப்பக்க ஓரத்திலேயே நின்றார்.

"எங்கடா அந்த ஓகுபோ?"

"அக்கா கண்ணுல படாம இருந்தா, வெல ஏறாதுன்னு பாத்தேன்!"

சந்தையே சிரித்தது. கிகுயோ தலையைத் திருப்பி அவரைத் தேடிப் பிடித்து, முதல் பெட்டியின் விலையைக் கூவ ஆரம்பித்தார். விடியாத கருக்கலில், தொலைவில் நீண்ட விரல்களையும் ஒன்றுவிடாமல் எண்ணி, மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போனார்.