சுருளில் தொங்கிய நுனி

மாமனாருக்குத் திறந்து கிடக்கும் எதைக் கண்டாலும் ஆகாது. டப்பா திறந்திருந்தால் மூடுவார், கதவு திறந்திருந்தால் சாத்துவார், யாராவது வாயைத் திறந்தால் "போதும்" என்பார். அப்பேர்ப்பட்ட மனிதர் வாழும் வீட்டில் மருமகள் ஒரு வாரமாகச் சுவருக்குச் சுவர் ஓட்டை போட்டு ஒயர் இழுத்தாள் என்றால், அவள் நெஞ்சழுத்தத்தை என்னவென்று சொல்ல.

அவளுக்கும் வேறு போக்கில்லை. அலுவலகம் வேறு ஊருக்கு மாறிவிட்டது. வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன் என்று அவள் கெஞ்சியதற்கு மேலதிகாரி அம்மாள், "வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு உங்க இன்டர்நெட்டைச் சோதிச்சுப் பாக்குறோம். அறுந்துச்சுன்னா இங்க கெளம்பி வந்துடணும்" என்று சொல்லிவிட்டாள். அவள் கிளம்பினால் கணவனும் கிளம்ப வேண்டும். மாமனாரோ இந்த வீட்டை விட்டு ஓரடி நகரமாட்டார்.

வீட்டில் இன்டர்நெட் இருந்த லட்சணம் இருக்கிறதே, அது கணவனின் கைவண்ணம். எங்கே சிக்னல் எட்டவில்லையோ அங்கே ஒரு ரூட்டர் வாங்கி வைப்பதுதான் அவனுக்குத் தெரிந்த வைத்தியம். கூடத்தில் ஒன்று, சமையலறையில் ஒன்று, மாடியில் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர், தனிக் கடவுச்சொல், தனித் திமிர். போனில் பேசிக்கொண்டே மாடி ஏறினால் பாதிப் படியில் பேச்சு செத்துப்போகும்.

அவள் கூடத்து ரூட்டரை மட்டும் முதலாளியாக வைத்துக்கொண்டாள். மற்ற இரண்டின் அதிகாரத்தையும் பிடுங்கி, வெறும் அக்சஸ் பாயின்ட்டாக மாற்றினாள். எல்லா ஒயரும் மாடிப்படிக்கு அடியில் இருந்த இன்டர்நெட்டைப் பங்கிட்டுக் கொடுக்கும் ஒரு ஸ்விட்ச் பெட்டியில் வந்து சேர்ந்தன.

"இனிமே இது ரெண்டும் ஒயர்ல வர்றத வாங்கி ரூமுக்குள்ள பரப்பினாப் போதும். சொந்தமா எதுவும் முடிவு பண்ணக் கூடாது" என்றாள்.

"இந்த வீட்டுல எனக்குக் குடுத்திருக்கிற வேலை மாதிரியே இருக்கே" என்றான் கணவன்.

தன் பங்குக்கு மாமனாரும் விடவில்லை. "துணி காயப்போடவா இவ்வளவு கயிறு?" என்று போகும்போதும் வரும்போதும் கேட்டார். அவருடைய அறைக்கும் ஒரு ஒயர் இழுக்கிறேன் என்று அவள் சொன்னபோது, "எனக்கு ஒரு மண்ணும் வேணாம். என் சுவத்துல கை வைக்காதே" என்று முடித்துவிட்டார். வாங்கிய ஒயரை என்ன செய்வது? ஒரு முனையைப் பெட்டியில் செருகி, மிச்சத்தைச் சுருட்டிப் பக்கத்து ஆணியில் மாட்டிவிட்டாள். மறுமுனை சுருளிலிருந்து தொங்கியது.

வெள்ளிக்கிழமை மதியம்வரை எல்லாம் அமோகமாக ஓடியது. இரண்டரை மணிக்கு அவள் முகம் கழுவிக்கொண்டு மாடிக்குப் போய் உட்கார்ந்தாள். இன்டர்நெட் இல்லை. சமையலறையில் இல்லை, கூடத்தில்கூட இல்லை. கணவன் எல்லாவற்றையும் அணைத்து அணைத்துப் போட்டான். கம்பெனிக்காரனைத் திட்டினான், மழையைத் திட்டினான். மழை பெய்யவே இல்லை.

அவள் படிக்கு அடியில் குனிந்து பார்த்தாள். பெட்டியில் இருந்த விளக்குகள் அத்தனையும் பேய் பிடித்த மாதிரி மின்னிக்கொண்டிருந்தன. காலியாக இருக்க வேண்டிய ஓட்டையில் ஒரு ஒயர் செருகியிருந்தது. அதைப் பிடித்துக் கையால் தடவிக்கொண்டே போனாள். அது ஆணிக்குப் போனது, சுருளைச் சுற்றியது, திரும்பி அதே பெட்டிக்கு வந்தது.

"ஒரே ஒயரோட ரெண்டு முனையும் ஒரே பெட்டியில. ஒரு ஓட்டையில அனுப்பினது இன்னொரு ஓட்டை வழியா உள்ள வருது, வந்தத மறுபடி அனுப்புது. வேற எதுக்கும் வழியே இல்ல."

"நம்ம சித்தப்பா குரூப்ல அனுப்புற குட் மார்னிங் மாதிரியா?"

"சும்மா இருங்க" என்று ஒயரைப் பிடுங்கினாள். விளக்குகள் அடங்கின. மூச்சிரைக்க மாடி ஏறி உட்காருவதற்கும் அழைப்பு வருவதற்கும் சரியாக இருந்தது. மேலதிகாரி அம்மாள் வீடியோ பார்த்தாள், பெரிய பெரிய கோப்புகளை அனுப்பி வாங்கினாள், கடைசியில் "சரி, அங்கேயே இருந்துக்கோங்க" என்றாள்.

மருமகள் சந்தோஷத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சண்டைக்கு இறங்கி வந்தாள். வீட்டில் இருப்பது மூன்று பேர். அதில் கணவனுக்கு ஒயர் செருகத் தெரியாது.

"மாமா, படிக்கு அடியில நீங்களா கை வெச்சீங்க?"

"ஆமா. அனாதையாத் தொங்கிட்டு இருந்துச்சு. பக்கத்துலயே ஓட்டை காலியா இருந்துச்சு. செருகினேன்."

"என் பொழப்பே போயிருக்கும். ஒயரக் கண்டாலே ஆகாதுன்னு சொன்னவருக்குத் திடீர்னு என்ன அக்கறை?"

மாமனார் மூடியிருந்த டப்பாவை எடுத்து இன்னொரு தடவை மூடினார். "அறுந்துச்சுன்னா ரெண்டு பேரும் கெளம்பிடுவீங்கன்னு இவன் சொன்னான். நீ அவசரத்துல ஒண்ண மறந்துட்டியோன்னு பயந்துட்டேன்."

கொண்டுவந்த கோபத்தை எங்கே வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை.

"மறக்கல மாமா. அது உங்க ரூமுக்கு எடுத்து வெச்சது."

"நான்தான் வேணாம்னேனே."

"சொன்னீங்க. எனக்குத்தான் தூக்கிப் போட மனசு வரல."

அவர் எழுந்து தன் அறைக்குள் போனார். வழக்கம்போல் கதவைச் சாத்துவார் என்று அவள் காத்திருந்தாள். சாத்தவில்லை. உள்ளே கட்டிலை நகர்த்தும் சத்தம் கேட்டது.

"ஏம்மா," என்றார் உள்ளேயிருந்து, "இந்தச் சுவத்துல ஓட்டைய எங்க போடப் போறே?"