கக்கூஸ் குழியில் ஸ்ட்ராபெரி வாசனை

குழலில் வாய் வைத்ததுமே எதெல்வினாவுக்குக் குமட்டியது. மாத்தே என்ற இலைத் தேநீரின் கசப்புக்கு முன்னால் ஸ்ட்ராபெரி மிட்டாயின் தித்திப்பு நாக்கில் ஒட்டியது. வெதுவெதுப்பான, இன்னொருவன் வாயில் ஊறிய தித்திப்பு. குழலைத் துடைத்துவிட்டுக் குடிக்கலாம் என்றால் அது வந்தவர்களை முகத்துக்கு நேரே அவமானப்படுத்துவது. மூச்சைப் பிடித்துக்கொண்டு விழுங்கினாள். சுரைக்குடுவையில் மின்கெட்டிலிலிருந்து மறுபடி வெந்நீர் ஊற்றி அடுத்த ஆளிடம் நீட்டினாள்.

தான் நடத்தும் அந்த ஏரிக்கரை முகாமில் விதிகளை அவள் இப்படித்தான் சொல்வாள். புதிதாகக் கூடாரம் போட வருகிறவர்களை மரக்கட்டைகளில் உட்கார வைத்து, ஒரே குடுவை, ஒரே குழல், ஆளுக்கு ஒரு முறை. ஒரே குழலில் வாய் வைத்த பிறகு, எனக்கு யாரும் சொல்லவில்லையே என்று எவனும் நழுவ முடியாது.

ஸ்ட்ராபெரிக்குச் சொந்தக்காரன் எதிரே உட்கார்ந்திருந்தான். பெயர் கீதோ. புவெனோஸ் ஐரிஸிலிருந்து மனைவி ரெனாத்தாவோடு வந்திருந்தான். அவன் கையில் உதட்டுச்சாயக் குப்பி அளவில் இளஞ்சிவப்பு மின்சிகரெட், வேப் என்பார்களே, அது ஒன்று இருந்தது. குடுவை தன்னை விட்டுப் போன மறுகணமே அதை வாயில் வைத்துக்கொண்டான். இழுத்தால் நுனியில் நீல விளக்கு எரிந்தது.

"இங்க நெருப்பே கிடையாது. அடுப்பு, சிகரெட், மெழுகுவத்தி, எதுவும் கிடையாது" என்றாள் எதெல்வினா. ஏரிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினாள். போன கோடையில் எரிந்த சரிவு இன்னும் கரியாக நின்றது. "உங்க கையில இருக்கறதையும் சேர்த்துத்தான் சொல்றேன்."

கீதோ வேப்பைத் தூக்கிப் பார்த்தான். "இதுவா? இது நெருப்பில்லை செனோரா. வெறும் நீராவி. கெட்டில்ல வருமே, அதே."

"என் கெட்டில்ல ஸ்ட்ராபெரி வராது. கரையில கூழாங்கல் மேல நின்னு இழுங்க. மரத்துக்குக் கீழ வேண்டாம். காத்து எந்தப் பக்கம் போகுதுன்னு பாத்துட்டு ஊதுங்க. பக்கத்துக் கூடாரத்துல கைக்குழந்தை இருக்கு. தீர்ந்துபோச்சுன்னா குப்பையில போடாதீங்க, புதைக்காதீங்க. உள்ள பேட்டரி இருக்கு. அது நசுங்கினாலும் நனைஞ்சாலும் தானா பத்திக்கும்."

"சரி. முட்டி போட்டு சத்தியம் பண்ணணுமா?"

"பண்ணாலும் நம்ப மாட்டேன்."

ரெனாத்தா சிரித்துவிட்டாள். "கேட்டுக்கோ குண்டா. உன்னை ஒரே நிமிஷத்துல எடை போட்டுட்டாங்க." அது செல்லப்பெயர்; கீதோ மூங்கில்குச்சி மாதிரி இருந்தான்.

எதெல்வினா சிரிக்கவில்லை. தீக்குப் பிறகு வன அலுவலகம் இந்த முகாமை ஒரே ஒரு நிபந்தனையில்தான் திறக்க விட்டிருந்தது. நெருப்பு சம்பந்தமாக ஒரு சின்ன சம்பவம் நடந்தாலும் பருவம் முழுவதும் மூடல். கோடையில் கூடாரங்களிலிருந்து வருவதை வைத்துத்தான் அவள் பனிக்காலத்தைத் தள்ள வேண்டும். வேறு வேலை அந்தப் பள்ளத்தாக்கில் இல்லை.

அன்று பகல் முழுவதும் கீதோ ஒரு முறைகூடக் கரைக்குப் போகவில்லை. கூடாரத்துக்குள் படுத்துக்கொண்டு இழுத்தான். பல் தேய்த்துக்கொண்டே, நுரை வழிய வழிய, நடுநடுவே இழுத்தான். கக்கூஸுக்கு வரிசையில் நிற்கும்போதும் இழுத்தான். அவன் நடந்த இடமெல்லாம் தித்திப்பான ஈரக் காற்று, மூடிய பஸ்ஸில் யாரோ வாந்தி எடுத்ததன் மேல் வாசனைத் திரவியம் அடித்த மாதிரி, அசையாமல் நின்றது. இழுத்து முடித்ததும் தொண்டையைக் காறி, கோய்வே மரத்தின் வேரில் துப்பினான். சளி நூலாகத் தொங்கியது. பார்த்த எதெல்வினா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மத்தியானம் அவனுடைய பழைய வேப் ஒன்று சாப்பாட்டு மேசையில் ஒழுகியது. பழுப்பு நிறப் பாகு. மஞ்சள் குளவிகளுக்குக் கேட்கவா வேண்டும். பாகில் கால் ஒட்டிக்கொண்டு, ஒன்றின் முதுகில் இன்னொன்று ஏறி, மேசையே ஊர்கிற மாதிரி இருந்தது. கைக்குழந்தைக்காரி கூடாரத்தைப் பிடுங்கி வேறு மூலைக்குப் போனாள்.

எதெல்வினா சோப்புத் தண்ணீரும் கரண்டியுமாக மேசையைச் சுரண்டிக்கொண்டே சொன்னாள். "நான் உங்ககிட்ட என்ன சொன்னேன்?"

"ஒழுகினது என் தப்பா செனோரா? கம்பெனிக்காரன் தப்பு."

"துப்புறது?"

"காட்டுல எல்லா மிருகமும் துப்புது."

"எந்த மிருகம்?"

அவன் வேப்பை வாயில் வைத்து இழுத்துக்கொண்டான்.

சாயங்காலம் காற்று ஏறத் தொடங்கியபோது வனக்காவலர் சோசாவின் பிக்கப் வண்டி வளைவில் தெரிந்தது. முன்னறிவிப்பு எதுவும் இல்லை. கீதோ அப்போது மரத்தடியில் நின்றிருந்தான். அவன் ஊதிய வெள்ளை மூட்டம் தலைக்கு மேல் இன்னும் கலையவில்லை. வண்டியின் பக்கவாட்டில் இருந்த அரசாங்க முத்திரையைக் கண்டதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கக்கூஸுக்கு ஓடினான். வெளியே வந்தபோது இரண்டு கையும் காலி. பெரிய பாரம் இறங்கிய முகம்.

வேப் எங்கே போயிற்று என்று எதெல்வினாவுக்குப் புரிந்தது. அது தண்ணீர் ஊற்றாத கக்கூஸ். உபயோகித்தவர்கள் ஆளுக்கு ஒரு குவளை மரத்தூளைக் குழியில் கொட்டிவிட்டு வருவார்கள். மேலே காய்ந்த மரத்தூள், கீழே ஈரம். சுவர் பைன் பலகை. கூரையை உரசிக்கொண்டு கோய்வே மரம்.

சோசா வந்து கட்டையில் உட்கார்ந்தார். கக்கூஸ் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அவள் மாத்தே ஊற்றிக் கொடுத்தாள்.

"என்ன எத்தே, பேயடிச்ச மாதிரி இருக்க?"

"குளவித் தொல்லை."

"எங்க பாத்தாலும் அதான்." உறிஞ்சினார். "நல்லா நடத்துற. இந்த வருஷம் ஒரு புகார் இல்ல. நாளைக்கு அலுவலகத்துல சொல்லிடறேன். அடுத்த கோடைக்கும் உனக்குத்தான்."

அவள் தலையாட்டினாள். சோசாவின் தோளுக்கு மேலாக அவள் கண் கக்கூஸின் காற்றுக்குழாயில் நின்றது. அதிலிருந்து வெள்ளையாக ஒரு மூச்சு வந்தது. நின்றது. மறுபடி வந்தது. ஈரம் பட்ட வேப், இழுக்க ஆளில்லாமலே, குழிக்குள் தன்னைத்தானே இழுத்து ஊதிக்கொண்டிருந்தது. காற்று திரும்பியபோது வாசனை எட்டியது. ஊர்பேர் தெரியாதவர்களின் மலத்தோடு கலந்து வேகும் ஸ்ட்ராபெரி.

கீதோவும் பார்த்துவிட்டான். அவளைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தான். பிறகு கண்ணடித்தான்.

அவள் தனக்குள் கணக்குப் போட்டாள். இன்னும் ஒரு குடுவை குடித்துவிட்டு இவர் கிளம்பிவிடுவார். அதன்பின் வாளித் தண்ணீரோடு ஓடலாம். அதுவரை மரத்தூள் பிடிக்காமல் இருக்க வேண்டும். பிடித்தால் பலகை, பலகையிலிருந்து மரம், இந்தக் காற்றுக்கு அந்தப் பக்கம் கைக்குழந்தையின் கூடாரம். ஒரு குடுவை மாத்தேக்கு எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியும். மரத்தூளுக்குத் தெரியாது.

"சோசா. திரும்பிப் பாரு."

அவர் திரும்பினார். குடுவையைத் தரையில் வைத்துவிட்டு எழுந்தார். "அது என்ன?"

"வேப். குழிக்குள்ள. இவன் போட்டான்."

கொட்டகைச் சுவரில் இறைச்சி சுடும் நீளக் கிடுக்கி தொங்கியது. பருவம் முழுவதும் அதற்கு வேலை இருந்ததில்லை. அதை எடுத்துக் கீதோவிடம் நீட்டினாள். "போட்டது நீ. எடு."

"செனோரா, என்னால..."

"எடு குண்டா" என்றாள் ரெனாத்தா. இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை.

அவன் குழியின் மேல் குனிந்தான். ஒரு மூச்சுத்தான் இழுத்திருப்பான். மத்தியானம் சாப்பிட்டது எல்லாம் குழிக்குள் போனது, கிடுக்கியின் மேலும் கொஞ்சம். சட்டையில் வாயைத் துடைத்துக்கொண்டு பின்வாங்கினான். எதெல்வினா கிடுக்கியைப் பிடுங்கி, கழுத்துத் துணியை மூக்குக்கு ஏற்றிக் கட்டிக்கொண்டு, முழங்கால் போட்டாள். சோசா டார்ச் அடித்தார். குழிக்குள் நீல விளக்கு சிமிட்டியது. அதைச் சுற்றி மரத்தூள் வட்டமாகக் கறுத்து, ஓரத்தில் சிவப்பாக ஒரு கோடு ஊர்ந்துகொண்டிருந்தது. வேப் இரண்டு முறை கிடுக்கியிலிருந்து வழுக்கியது. மூன்றாவது முறை காகிதமும் மலமும் ஒட்டிக்கொண்டு மேலே வந்தது. வரும் வழியிலும் அவள் முகத்தில் ஊதியது. அதை மணல் வாளியில் புதைத்தாள். சோசா குழிக்குள் வாளி வாளியாகத் தண்ணீர் கொட்டினார். புகை நாறி, அடங்கியது.

இருவரும் வெகுநேரம் கை கழுவினார்கள்.

"உன் மேல தப்பில்ல எத்தே."

"தெரியும்."

"இருந்தாலும் மூடித்தான் ஆகணும். நெருப்புக் கங்கை நானே பாத்துட்டேன்."

"தெரியும்னு சொல்றேன்ல."

"நீ வாயைத் திறக்காம இருந்திருந்தா நான் போயிருப்பேன்."

"போயிருப்ப. அப்புறம் புகையைப் பாத்துத் திரும்பி வந்திருப்ப."

கீதோவுக்குச் சோசா அபராதம் எழுதினார். அவளுக்கு வாசல் சங்கிலி. இருட்டுவதற்குள் எல்லாக் கூடாரமும் மடங்கியது. கைக்குழந்தைக்காரி நன்றி எதுவும் சொல்லவில்லை. இந்த நேரத்தில் எங்கே போவது என்று திட்டிவிட்டுப் போனாள்.

கடைசியாகக் கிளம்பியது கீதோவின் கார். ரெனாத்தா முன் இருக்கையில் ஏறிவிட்டாள். அவன் மட்டும் திரும்பி வந்து, கைகளைப் பையில் விட்டுக்கொண்டு, எதெல்வினாவின் முன் நின்றான். மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருக்கிறான் என்று அவள் நினைத்தாள். என்ன பதில் சொல்வது என்றுகூட யோசித்தாள்.

"செனோரா, அந்த வாளி எங்க?"

அவள் கையைக் காட்டினாள். அவன் மணலைக் கிளறி அதை எடுத்தான். குடிநீர்க் குழாயில் நீட்டி அலசினான். வாய் வைக்கும் துளைக்குள் நகத்தை விட்டுச் சுரண்டினான். சட்டையில் துடைத்தான். முகர்ந்து பார்த்தான். பிறகு கவலைப்பட்ட முகத்தோடு, மருந்து சாப்பிடுகிறவன் மாதிரி, வாயில் வைத்து இழுத்தான்.

நீல விளக்கு எரிந்தது.

"வேலை செய்யுது" என்றான். உண்மையான சந்தோஷம்.

காரின் முன்கதவு திறந்தது. ரெனாத்தா இறங்கி, பின்னிருக்கையில் மூட்டைகளுக்கு நடுவே போய் உட்கார்ந்து கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டாள். கார் வளைவைத் தாண்டும்வரை எதெல்வினா நின்றாள். பிறகு வாசலில் சங்கிலியைப் போட்டுவிட்டு வந்து, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு குழியை மூடப் போனாள்.