வலது கண்ணுக்கு ஒரு புள்ளி

முடி திரும்ப வந்துவிட்டது. அதுதான் வம்பாகப் போயிற்று. தலை மொட்டையாக இருந்தவரை நான் எதை மறந்தாலும் மன்னிப்பு உண்டு. அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் குளிக்கப் போனால்கூட வீட்டில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். முடி காதுவரை வளர்ந்ததும், எமனுக்கே டிமிக்கி கொடுத்தவள் என்று பட்டம் கட்டி, பழைய வேலைகளையெல்லாம் என் தலையில் திருப்பிப் போட்டுவிட்டார்கள்.

மார்பில் வந்த புற்றுநோயை வெட்டியெடுத்து, எட்டு முறை கீமோ ஏற்றி, இனிப் பயமில்லை என்று டாக்டர் அனுப்பிப் பத்து மாதம் ஆகிறது. மறதியைப் பற்றி அவரிடம் கேட்டேன். கீமோ எடுத்தவர்களில் சிலருக்கு அப்படி இருக்கும், கொஞ்ச நாளில் சரியாகும் என்றார். கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்று கேட்பதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டாயிற்று. கணவரிடம் சொன்னால், "எனக்கும்தான் மறக்குது, வயசாகுதில்ல" என்று சிரிப்பார். ஆறுதல் சொல்கிறாராம். சாவியை வைத்த இடம் மறப்பது வேறு, சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு இதை வைத்து என்ன செய்வது என்று நிற்பது வேறு. அதை விளக்கப் போய், பாதி வாக்கியத்தில் சொல் கிடைக்காமல் நின்றேன். அவர் டிவி பக்கம் திரும்பிவிட்டார். அதோடு யாரிடமும் சொல்வதை நிறுத்திக்கொண்டேன்.

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் வெட்டிப் பொருத்துவது என் வேலை. பத்தொன்பது வருடமாகச் செய்கிறேன். முதலாளி முன்னறையில் கண்ணைப் பரிசோதித்து, எண்களைச் சீட்டில் எழுதி, ஃப்ரேமோடு தட்டில் வைத்து அனுப்புவார். வெட்டாத லென்ஸ் இரண்டும் வட்டமாக, ஒரே மாதிரி இருக்கும். பவர் பார்க்கும் கருவியில் வைத்துப் பார்த்து, வலது கண்ணுக்கானதில் சிவப்புப் பேனாவால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். அந்தப் புள்ளியை நம்பித்தான் மற்ற எல்லாம். கண்ணாடி முடிந்ததும் இன்னொரு முறை கருவியில் பார்த்து, சீட்டில் டிக் போட வேண்டும்.

சிகிச்சை நடந்தபோது முதலாளி என் இடத்தில் வேறு ஆளைப் போடவில்லை. அந்த நன்றி எனக்கு உண்டு. வீட்டில் நான் நோயாளி, உறவுக்காரர்களுக்குப் பாவப்பட்ட ஜென்மம். நான் நானாக இருந்த ஒரே இடம் அந்தப் பின்னறை. மறதி வெளியே தெரிந்தால் அதுவும் கையைவிட்டுப் போகும். ஆகவே மறைத்தேன். திரும்பினால் கையிலிருப்பது எந்தக் கண்ணுக்கு என்பது மறந்துவிடும் என்று, கூப்பிட்ட குரலுக்குத் திரும்பாமல், காது கேட்காதவள் மாதிரி வேலை செய்தேன்.

மத்தியானம் முதலாளி சாப்பிடப் போயிருந்த நேரத்தில் பஸ் டிரைவர் ஒருவர் வந்தார். ஐம்பது தாண்டிய மனிதர். மூன்று வாரத்துக்கு முன் கண்ணாடி வாங்கிப் போனவர். போட்டதிலிருந்து எல்லாம் இரண்டாகத் தெரிகிறது, தலை பிளக்கிறது என்றார். ஏன் அப்போதே வரவில்லை என்று கேட்டேன்.

"புதுக் கண்ணாடி, பழக நாளாகும்னு நீதானே சொன்ன, தங்கச்சி."

சொல்லியிருப்பேன். கண்ணாடியைக் கையில் கொடுக்கும்போது எல்லோரிடமும் சொல்வதுதான். அவர் பழகிப் பார்த்திருக்கிறார். ஒரு நாள் நிறுத்தத்தில் நின்றவர்கள்மேல் பஸ்ஸை ஏற்றப் பார்த்து, அன்றே டிப்போவில் போய், கண் போய்விட்டது, என்னை ஓட்டும் வேலையிலிருந்து இறக்கிவிடுங்கள் என்று அவரே எழுதிக் கொடுத்துவிட்டார். இப்போது டிப்போ வாசலில் காவலுக்கு நின்று, பஸ் வரப் போகச் சங்கிலியைத் தூக்கி இறக்குகிறார். அவர் மனைவிக்கு இன்னும் தெரியாது. கண் இவ்வளவு கெட்டுப்போனதைக் கடையில் எழுதி வாங்கி வந்தால் அந்த வேலையை நிரந்தரமாக்குவார்களாம்.

கண்ணாடியை வாங்கிக் கருவியில் வைத்தேன். வலது லென்ஸ் இடது பக்கம், இடது லென்ஸ் வலது பக்கம். புள்ளியை மாற்றி வைத்திருக்கிறேன். சீட்டைத் தேடி எடுத்தேன். டிக் இருந்தது. என் கைதான். அதைப் போட்டது எனக்கு நினைவில்லை.

பவர் மாறியிருக்கிறது, வேறு போட்டுத் தருகிறேன் என்று சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். நாக்கு நுனிவரை வந்தது. அவரோ மேசையில் விரலை ஊன்றி, எழுதப்போகும் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, உங்க கண்ணுல ஒரு தப்பும் இல்ல. நான்தான் மாத்திப் பொருத்திட்டேன்."

அவர் திட்டவில்லை. கண் நன்றாகத்தான் இருக்கிறதா என்று மூன்று முறை கேட்டார். பிறகு, இத்தனை வருஷம் பார்க்கிறவள் எப்படி இப்படிச் செய்தாய் என்றார். சொன்னேன். சொல் கிடைக்காத இடத்தில் நின்றேன், அவர் காத்திருந்தார், மறுபடி சொன்னேன். பத்து மாதத்தில் முதல் முறையாக முழுசாகச் சொல்லி முடித்தேன்.

புது லென்ஸ் எடுத்தேன். அவர் சீட்டைப் பார்த்து எண்ணை உரக்கப் படிக்க, நான் கருவியில் பார்த்துப் புள்ளி வைத்தேன். வெட்டி முடித்து மாட்டிக்கொண்டதும் எதிர்க்கடைப் பலகையை ஒரு எழுத்து விடாமல் படித்தார். தவறு பொருத்தியவளுடையது, இவர் பார்வையில் குறை இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தவர், வாசலில் நின்று திரும்பினார்.

"உனக்கு இப்படி யாராச்சும் எழுதிக் குடுத்தாங்களா?"

இல்லை என்றேன். சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

முதலாளி வந்ததும் அவரிடம் சீட்டைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை. எத்தனை நாளாக என்று மட்டும் கேட்டார். வேலைக்குத் திரும்பிய நாளிலிருந்து என்றேன். அலமாரியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். கட்டுக் கட்டாகச் சீட்டுகள், ஒவ்வொன்றிலும் என் டிக். எத்தனை கண்கள்.

எல்லோரையும் கூப்பிட வேண்டும், நாளை முதல் நீ முன்னறையில் இருந்தால் போதும் என்றார். குரலில் கடுமை இல்லை. அதுதான் தாங்கவில்லை. மேல் கட்டைப் பிரித்து முதல் எண்ணுக்கு ஃபோன் செய்தேன். எடுத்தவர் ஒரு பெண். கண்ணாடி சரியாக இருக்கிறதா என்று கேட்டேன்.

"முதல்ல ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. யார்கிட்டச் சொன்னாலும் அப்படித்தான் இருக்கும்னாங்க. இப்ப பழகிடுச்சு, மேடம்."



"பழக வேண்டாம்மா," என்றேன். "கிளம்பி வாங்க. நான் பாக்கறேன்."